99.9 சதவீதமும் அம்மாவின் பல்செட்டும்

மருந்துக்கடை, மால், செல்போன் திரை என்று எங்கே திரும்பினாலும் பல் சமாச்சாரத்தில் ஒரு நம்பர் வந்து நிற்கிறது. 99.9. மௌத்வாஷ் பாட்டிலில் 99.9. பல்செட் ஊறவைக்கிற மாத்திரை அட்டையில் 99.9. இப்போது அந்த நம்பர் மெல்ல பிளாஸ்டிக் மேலேயே ஏறப் பார்க்கிறது. கிருமி ஒட்டாத பிளாஸ்டிக், கிருமியைக் கொல்லும் பூச்சு என்று அலைனருக்கும் ரீட்டெய்னருக்கும் பேச்சு ஆரம்பித்தாயிற்று. பிள்ளைக்குப் பல் வரிசை சரிசெய்யப் போகிற நம் குடும்பங்கள், லட்சத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து "நல்ல மெட்டீரியலாகவே போட்டுடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருகிறோம்.

டிஸ்கி: நான் பல் டாக்டர் இல்லை. புனேயில் பிளாஸ்டிக் ஷீட் சூடுபடுத்தி அச்சில் அழுத்துகிற தொழிலில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிற ஆசாமி. வாயைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பிளாஸ்டிக் என்ன செய்யும், என்ன செய்யாது என்று என்னிடம் கேட்கலாம்.

என் கட்சி இதுதான். வாய்க்குள் வைக்கிற எந்தப் பிளாஸ்டிக்கும் தன்னைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளாது. அப்படி ஒன்று இருப்பதாக நம்பிக் காசைக் கொட்டுவதைவிட, கழுவுகிற முறையைச் சரியாகக் கற்றுக்கொடுப்பது பத்து மடங்கு பிரயோஜனம். அந்தக் கற்றுக்கொடுத்தல் நம் வீட்டில் யாருக்கு ரொம்பத் தேவையோ, அவர்களுக்குத்தான் கிடைப்பதே இல்லை. யார் அது என்று பிறகு வருகிறேன். முதலில் கிருமி.

பக்கெட் வழவழப்பு

பாத்ரூம் பக்கெட்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். நாலு நாள் தேய்க்காமல் விட்டிருந்தால் ஒரு வழவழப்பு தட்டுப்படும். தண்ணீர் ஊற்றி அலசினால் போகாது. நார் போட்டுத் தேய்த்தால் போகும். இரண்டு நாளில் திரும்ப வரும். அதுதான் பயோஃபிலிம். புத்தகத் தமிழில் உயிரிப்படலம்.

தனித்தனியாக நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டதும் பசை மாதிரி ஒன்றைச் சுரக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள், புரதம் எல்லாம் கலந்த பசை. அதற்குள் அடுக்கடுக்காகக் குடியேறுகிறது. அந்தப் பசைக்குள் புகுந்துவிட்டால் மருந்து சீக்கிரம் உள்ளே இறங்காது. அடியில் இருப்பவை பாதித் தூக்கத்தில் இருப்பதால், வளர்கிற கிருமியைக் குறிவைக்கும் மருந்துகளுக்கும் அவை சிக்காது. திரவத்தில் நீந்தும் கிருமியைக் கொல்கிற அளவைப்போலப் பல நூறு மடங்கு மருந்து போட்டாலும் படலத்துக்குள் இருக்கிற அதே கிருமி பிழைத்துக்கொள்வது உண்டு.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஹாலந்தில் துணி வியாபாரம் பார்த்த லீவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸில் தன் பல்லிடுக்கு வெள்ளைப் பொருளை வைத்துப் பார்த்து, அதில் நெளிகிற சின்ன ஜந்துக்களைப் பற்றி 1683ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அத்தோடு விடவில்லை. வினிகரால் வாயைக் கழுவிப் பார்த்தார். வெளிப்பக்கம் இருந்தவைதான் செத்தன, வினிகர் உள்ளே போகவில்லை என்று எழுதி வைத்தார். முந்நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே மௌத்வாஷ் விளம்பரத்துக்குப் பதில் எழுதிவிட்டார் மனுஷர் :-)

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் இருந்த காஸ்டர்டனும் அவருடைய சகாக்களும் 1978ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில், கிருமிகள் எப்படி ஒட்டுகின்றன என்று எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது. பல் மேல் படிகிற காரை, பைப்புக்குள் படிகிற பாசி, ஆஸ்பத்திரிக் குழாய்களில் வருகிற தொற்று எல்லாம் ஒரே குடும்பம் என்று புரிந்தது.

நாங்கள் செய்கிற ஸ்வீட் டப்பாவும் உங்கள் அலைனரும்

இனி பிளாஸ்டிக். இது என் ஏரியா.

வெளிப்படையான அலைனர் என்பது வானத்திலிருந்து குதித்தது இல்லை. தட்டையான ஷீட்டைச் சூடாக்கி, இளகியதும் அச்சு மேல் போட்டு, காற்றை உறிஞ்சியோ அழுத்தியோ உருவம் எடுப்பது. ஸ்வீட் டப்பாவுக்கும் இதே வேலைதான். பல்லுக்கு இதை 1960களிலேயே நியூயார்க்கில் நஹூம் என்ற டாக்டர் செய்துகாட்டிவிட்டார். 1997ல் கலிபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி, கம்ப்யூட்டரையும் சேர்த்து இன்விசலைன் என்ற பெயரில் அதைப் பெரிய வியாபாரம் ஆக்கியது.

சாமான் என்ன? பெரும்பாலும் பெட்ஜி என்கிற பாலியெஸ்டர் வகை, அல்லது பாலியூரிதேன், அல்லது இரண்டையும் அடுக்கியது. கனம் முக்கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் நடுவில். சூட்டில் இளகுவதுதான் இவற்றின் குணம், அதனால்தான் பெயரே தெர்மோபிளாஸ்டிக். பெட்ஜி கிட்டத்தட்ட 80 டிகிரியில் இளகும். அழுத்தம் இருந்தால் அதற்குக் கீழேயே மெல்ல வளையும். "கிருமி சாகட்டும்" என்று ரீட்டெய்னரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கிருமி சாகலாம், ரீட்டெய்னர் நிச்சயம் செத்துவிடும்.

கிருமி ஒட்டுவதில் பிளாஸ்டிக்கின் பங்கு என்ன? பெயரைவிட முக்கியம் அதன் மேல்பரப்பு. சொரசொரப்பை அளக்க ஓர் அளவு உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த பல் ஆராய்ச்சியாளர்கள் 1997ல் வெளியிட்ட ஒரு மதிப்பாய்வு, 0.2 மைக்ரான் என்று ஒரு கோடு போட்டது. சராசரிச் சொரசொரப்பு அதற்கு மேல் போகப் போக கிருமிக்காரை அதிகமாகப் படியும். அதற்குக் கீழே எவ்வளவுதான் மெருகேற்றினாலும் பெரிய லாபம் இல்லை. 0.2 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு. பாக்டீரியா ஒன்றின் பருமனே அரை மைக்ரான், ஒரு மைக்ரான் என்று இருக்கும்போது, அதைவிடச் சின்னப் பள்ளத்தில் அது ஒளிய முடியாது அல்லவா.

இப்போது யோசியுங்கள். புதிதாக அச்சில் எடுத்த ஷீட் வழவழ என்றுதான் இருக்கும். அதை உரசி உரசிச் சொரசொரப்பாக்குவது யார்? நாம்தான். டூத்பேஸ்ட்டில் பல்லைத் தேய்ப்பதற்கென்றே கடினமான துகள் இருக்கிறது. எனாமல் அதைத் தாங்கும். பிளாஸ்டிக் தாங்காது. பல்பொடி இன்னும் மோசம். கிராமத்துப் பெரியவர்கள் சாம்பல், உமிக்கரி என்று எதையாவது போட்டுப் பல்செட்டைப் பளபளப்பாக்குவார்களே, அந்தப் பளபளப்புக்கு அடியில் ஆயிரம் கீறல் விழுந்திருக்கும். ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு ஒரு வாடகை வீடு. ஆக, என்ன பிளாஸ்டிக் வாங்கினோம் என்பதைவிட அதை எதை வைத்துத் தேய்க்கிறோம் என்பது பெரிய கேள்வி.

அந்த 99.9 எங்கிருந்து வருகிறது?

பிளாஸ்டிக் தொழிலில் "ஆன்டிபாக்டீரியல்" என்று சொல்ல அதிகம் காட்டப்படும் சோதனை ஐ.எஸ்.ஓ. 22196. ஜப்பானின் ஜே.ஐ.எஸ். இசட் 2801 என்ற தரத்திலிருந்து வந்தது. பக்கெட், சுவிட்ச் போர்டு, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாவற்றுக்கும் இதுதான்.

அதில் என்ன செய்வார்கள்? ஐந்து சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றை எடுத்து, கிருமி கலந்த திரவத்தை அதன் மேல் விட்டு, மெல்லிய ஃபிலிமால் மூடி, 35 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். பிறகு எத்தனை பிழைத்தது என்று எண்ணுவார்கள். அந்தத் திரவத்தில் இருக்கிற சத்து, ஆய்வகத்தில் வழக்கமாகக் கொடுப்பதில் ஐநூறில் ஒரு பங்கு. சோதிக்கிற கிருமிகள் இரண்டு: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை.

நம் வாயை நினைத்துப் பாருங்கள். 700க்கும் மேற்பட்ட கிருமி வகைகள் மனிதர்களின் வாய்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பல் சொத்தைக்கு முக்கியக் குற்றவாளி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். பல்செட்டுக்கு அடியில் புண்ணாக்குவது பெரும்பாலும் கேண்டிடா, அது பாக்டீரியாவே இல்லை, பூஞ்சை. இரண்டும் அந்தச் சோதனையில் கிடையாது. பட்டினி போட்ட கிருமிக்குப் பதிலாக, சர்க்கரை போட்ட காபியும் ரசம் சாதமும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிற கிருமி நம் வாயில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, எதை வாய்க்குள் வைத்தாலும் சில நிமிஷத்தில் எச்சில் புரதம் அதன் மேல் ஒரு மெல்லிய போர்வை போட்டுவிடும். அதன் பிறகு கிருமி ஒட்டுவது பிளாஸ்டிக் மேல் இல்லை, அந்தப் போர்வை மேல். கிருமியைத் தொட்டுக் கொல்கிற பூச்சு அடியில் புதைந்துபோகும். சோதனை பொய் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவுக்கு அது சரி. வாய்க்கு அது போதாது.

சரி, 99.9 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் கிருமியில் 99.9 சதவீதம் போனால் மிச்சம் ஆயிரம். அது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிறது என்று வைத்தால், பத்து இரட்டிப்பில், அதாவது 20 மணி நேரத்தில், மறுபடி பத்து லட்சம். நேற்று ராத்திரி கொன்றது இன்று ராத்திரி திரும்பி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் தினமும் தேய்க்கச் சொல்கிறார்கள். வீட்டு வாசலை ஒரு தடவை பெருக்கினால் வருஷம் முழுக்கச் சுத்தமாக இருக்குமா?

இந்த மாதிரிப் பேச்சுக்கு நம் ஊரில் கேள்வியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல் சென்சோடைன் டூத்பேஸ்ட் விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. உலகமெங்கும் பல் டாக்டர்கள் சிபாரிசு செய்கிறார்கள் என்ற மாதிரி வாசகங்கள்தான் பிரச்சினை. டூத்பேஸ்ட்டுக்குக் கேட்ட கேள்வியைப் பிளாஸ்டிக்குக்கும் கேட்கலாம். எந்தக் கிருமி, எத்தனை மணி நேரம், எச்சில் போர்வையோடு பார்த்தீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத 99.9 வெறும் பில்டப்.

ஆராய்ச்சியே வேண்டாமா?

வேண்டும். நான் அதற்கு எதிரி இல்லை. வெள்ளித் துகள் கலப்பது, கைட்டோசான் பூசுவது, கிருமியின் தோலைக் கிழிக்கிற அம்மோனியம் சேர்மங்களை ஒட்டவைப்பது, தண்ணீரை இழுத்துவைத்துப் புரதத்தை ஒட்டவிடாத பரப்பு செய்வது என்று உலகம் முழுக்க வேலை நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடைஞ்சல் இருக்கிறது. வெள்ளி கரைந்து தீர்ந்துபோகும், நிறமும் மாறலாம். தொட்டுக் கொல்கிற பரப்பில் செத்த கிருமியே மெத்தையாகி அடுத்ததைக் காப்பாற்றும். எதைக் கலந்தாலும் ஷீட்டின் வளையும் பலம் மாறும், பல்லை நகர்த்துகிற விசையும் அதோடு மாறும். இருந்தாலும் ஒரு நாள் ஒழுங்காக ஒன்று வரட்டும்.

அது யாருக்காக வரவேண்டும் என்பதில்தான் எனக்குச் சண்டை. ஒரு ஜோடி அலைனர் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வாயில் இருக்கும், பிறகு குப்பைக்குப் போகும். போட்டிருப்பது கை கால் நன்றாக இருக்கிற பதினெட்டு, முப்பது வயசுக்காரர்கள். ஓடிப்போய் வாஷ்பேசினில் கழுவ முடியும். இன்னொரு பக்கம் பக்கவாதம் வந்தவர், கை நடுங்குகிறவர், மறதி நோய் வந்தவர், இவர்களின் பல்செட் ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று அதே பல்செட். அவர்களால் தேய்க்கவும் முடியாது. கிருமி ஒட்டாத பிளாஸ்டிக் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அது. ஆனால் மால் ஸ்டால் போட்டு யாரும் அவர்களைத் தேடுவதில்லை. காசு எந்த வாயில் இருக்கிறதோ அங்கேதான் விளம்பரம் போகும்.

அம்மா ராத்திரி கழட்டுவதில்லை

இதைத்தான் பிறகு வருகிறேன் என்றேன். ஊரை விட்டு வந்து அப்பா அம்மாவை ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் அங்கே என்று வைத்திருக்கிற நம்மில் பலர் வீட்டில் ஒரு பல்செட் இருக்கிறது. அது எப்படிக் கழுவப்படுகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்பதும் கூச்சம், சொல்வதும் கூச்சம்.

என் அம்மாவுக்கு இங்கே ஒரு கிளினிக்கில் மேல்செட் செய்தோம். டாக்டர் தங்கமான மனுஷர், ஹிந்தியிலும் மராத்தியிலும் விலாவாரியாகச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்கு ஹிந்தியில் தெரிந்தது "பஸ்", "கித்னா" இரண்டும்தான். கையில் ஒரு சீட்டும் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் அது தமிழில் இருந்திருக்காது. சில மாசம் கழித்து ராத்திரி பேச்சுவாக்கில் கேட்டேன், "ஏம்மா, செட்டைக் கழட்டாமலேயா தூங்கறே?"

"எங்கடா கழட்டறது? குட்டி என் பக்கத்துலதான படுக்கறா. காலங்கார்த்தால முழிச்சுப் பொக்கைவாயைப் பார்த்தா பயந்துட மாட்டாளா? மருமக முன்னாடி வேற அப்படி உக்கார முடியுமா?"

இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் பாட்டியும் பேத்தியும் ஒரே கட்டில். பல்செட்டை வைக்க ஒரு மூடி போட்ட டப்பா கிடையாது, வைத்தால் யார் கண்ணிலாவது படும். எந்தக் கம்பெனியின் எந்த பிளாஸ்டிக் இதைச் சரிசெய்யும்?

இது வெறும் துர்நாற்றப் பிரச்சினை இல்லை. தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பல்செட்டுக்கு அடியில் அண்ணத்துக்குக் காற்றும் இல்லை, எச்சிலும் இல்லை. கேண்டிடாவுக்குக் கொண்டாட்டம். சாதாரண அக்ரிலிக் செட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், பூஞ்சை அதில் வேர்விட்ட மாதிரி உட்காரும். வளைகிற நைலான் செட் போடலாம் என்பார்கள், போட சொகுசுதான். ஆனால் நைலானை மெருகேற்றுவது கஷ்டம், சொரசொரப்பு சீக்கிரம் வரும். அண்ணம் சிவந்துபோவது பெரும்பாலும் வலிக்காது, அதனால் தெரியாது. சர்க்கரை வியாதி இருந்தால் இன்னும் சுலபமாக வரும், நம் பெரியவர்களில் எத்தனை பேருக்கு அது இல்லை? டாக்டர் மருந்து கொடுத்து வாயில் ஆற்றினாலும், செட்டைச் சுத்தம் செய்யாவிட்டால் அதிலிருந்தே திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று நுரையீரல். டோக்கியோவில் 85 வயசும் அதற்கு மேலும் ஆன 524 பேரை மூன்று வருஷம் கவனித்து 2015ல் ஓர் ஆய்வு வெளியானது. பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு, கழட்டிவிட்டுத் தூங்குகிறவர்களைவிட நிமோனியா வருகிற அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஒரே ஓர் ஆய்வு, ரொம்ப வயசானவர்களிடம் செய்தது. செட்தான் காரணம் என்று அதுவே நிரூபித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கத்தில் எச்சில் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்குவது தெரிந்த விஷயம். அந்த எச்சிலில் என்ன இருக்கிறது என்பது முக்கியம்தானே. ராத்திரி கழட்டி வைப்பதற்குச் செலவு பூஜ்யம்.

அப்போ என்னதான் செய்வது?

அமெரிக்கப் பல்செட் நிபுணர்கள் சங்கம் 2011ல் வெளியிட்ட வழிகாட்டுதலையும், என் பிளாஸ்டிக் அறிவையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் பேச்சே இறுதி.

தினமும் தேய்க்க வேண்டும், ஊறவைப்பது மட்டும் போதாது. பக்கெட் வழவழப்பு ஞாபகம் இருக்கிறதா, அதேதான். மிருதுவான பிரஷ், பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு இரண்டு சொட்டு. டூத்பேஸ்ட், பல்பொடி, சாம்பல் கூடாது. வாஷ்பேசினில் பாதி தண்ணீர் பிடித்துவைத்துக்கொண்டு அதற்கு மேல் பிடித்துத் தேய்த்தால், கைதவறினாலும் செட் உடையாது.

கொதிக்கிற தண்ணீர் எதற்கும் கூடாது. ப்ளீச் சமாச்சாரம் டாக்டர் சொன்னால் மட்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் போகவே கூடாது, கம்பி வைத்த செட்டுக்குத் தொடவே கூடாது.

ஊறவைக்கிற மாத்திரை போட்டால் போடுங்கள், நல்லதுதான். எடுத்த பிறகு நன்றாக அலசிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். அது டம்ளரில் செட் ஊறவைக்க மட்டும், வாயில் போட்டுக்கொள்ள இல்லை என்று பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ராத்திரி பல்செட் தண்ணீரில் தூங்கட்டும், காய்ந்தால் வடிவம் மாறும். மூடி போட்ட, உள்ளே தெரியாத டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள். கூச்சப் பிரச்சினையில் பாதி அதிலேயே தீரும். டப்பாவையும் தினம் கழுவ வேண்டும். செட் சுத்தம், டப்பா வழவழ என்றால் பிரயோஜனம் இல்லை.

அலைனர் போட்ட பிள்ளைகளுக்கு: அது வாயில் இருக்கும்போது வெறும் தண்ணீர் மட்டும். அலைனரோடு ஜூஸோ காபியோ குடித்தால் சர்க்கரை உள்ளே சிக்கும், எச்சில் வந்து கழுவ முடியாது. வாயின் அமிலத்தன்மை பி.ஹெச். 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். ஒரு நாளில் 20, 22 மணி நேரம் போட்டிருக்கிற சாமான் அது. சாப்பிட்டதும் பல் தேய்த்துவிட்டு மாட்டு என்று சொல்வது, எந்தப் பூச்சையும்விட அதிகம் வேலை செய்யும். சிகிச்சை முடிந்த பிறகு வருஷக்கணக்கில் போடுகிற ரீட்டெய்னரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கீறி, மங்கி, மஞ்சளாகிப் போனதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை பல்லே இல்லாவிட்டாலும் பல் டாக்டரிடம் போக வேண்டும். "பல்லே இல்ல, பல் டாக்டர் எதுக்கு" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். அண்ணத்தைப் பார்க்கத்தான்.

கிளினிக்குகளிடம் ஒரு வேண்டுகோள்

பிளாஸ்டிக்கை மட்டும் கொடுத்துவிட்டுக் கவனிப்பைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. தபாலில் அலைனர் அனுப்பிக்கொண்டிருந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் கையில் பிளாஸ்டிக்கோடு நின்றார்கள். பிளாஸ்டிக் என்னவோ நல்ல பிளாஸ்டிக்தான்.

லட்சங்களில் பில் போடுகிற கிளினிக்குகள், ஒரு பக்கம் தாளில் கழுவுகிற முறையை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் அச்சடித்துக் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்? புனே, பெங்களூர், டெல்லி, அகமதாபாத் எந்த ஊரை எடுத்தாலும் நாலு மொழிக்காரர்கள் வருகிறார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்டால் போதும். அது வரும்வரை நாமே செய்யலாம். டாக்டர் சொல்லச் சொல்ல செல்போனில் பதிவுசெய்து, வீட்டுக்கு வந்து தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவின் டப்பா பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். எங்கள் வீட்டில் அதை எழுதியது என் மகள். இரண்டு எழுத்துப்பிழை இருக்கிறது, பாட்டிக்குப் புரிகிறது, அது போதும். பொக்கைவாய்ப் பாட்டியைப் பார்த்து அவள் பயப்படவும் இல்லை. சிரித்தாள், பாட்டியும் சேர்ந்து சிரித்தாள், அத்தோடு முடிந்தது.

அடுத்த தடவை யாராவது கிருமி ஒட்டாத பிளாஸ்டிக் என்று இருபதாயிரம் அதிகம் கேட்டால், எச்சிலோடு சோதித்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் இழுத்தால் அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் இருக்கிற அப்பா அம்மாவின் பல்செட்டை ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட டிக்கெட் போட உதவும். இன்று ராத்திரி ஊருக்குப் போன் பேசும்போது, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறீர்கள் அல்லவா, கூடவே இன்னொன்றும் கேளுங்கள். "செட்டைக் கழட்டி வச்சுட்டுத்தானே படுக்கறீங்க?"

என்ன பதில் வந்தது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.